ஆடி மாதம் எடுத்த பேய்ப்படம்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எதிரே பேயே வந்து நின்றாலும், "கொஞ்சம் இப்படித் திரும்பி நில்லுங்க" என்றுதான் சொல்வார்கள்.

மாமாவோ சித்தப்பாவோ கேமரா வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கையைக் கொடுங்கள், நாம் ஒரே கட்சி. நான் ஜெனி. சிதம்பரத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கு டீச்சர் முதல் கடலூர் பஸ் கண்டக்டர் வரை யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அது என் தொண்டைக்குள் வந்து பாய் போட்டுப் படுத்துக்கொள்ளும். என் அம்மாவின் தம்பி சார்லஸ் மாமா, கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் போன வருஷம் ஒரு பழைய பேய்ப்படத்தை இந்தக் காலத்து ஜனங்களுக்காகத் திரும்ப எடுத்தார். நானும் அதில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் "அம்மை போட்டிருந்தது" என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

பெயிண்ட் கடையா, பேய்ப்படமா

பழைய படத்தின் பெயர் 'மாடியில் மரகதம்'. கறுப்பு வெள்ளை. மாமா சின்னப் பையனாகக் கடலூர் ஓல்டு டவுனில் ஒரு கொட்டகையில் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தாராம். கதை இவ்வளவுதான்: மரகதம் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் ரங்கூனில். மாடியிலிருந்து மாமியார் திட்டுவதும், மாமனார் இருமுவதும், குழந்தை அழுவதும், டாக்டர் பேசுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் ஏறிப் பார்த்தால் மாடியில் ஒரு ஈ காக்கா இல்லை. அத்தனை பேரும் அவள் மண்டைக்குள்தான் குடியிருந்தார்கள்.

இதைத் திரும்ப எடுப்பது மாமாவின் வெகுநாள் ஆசை. ஆனால் அத்தையின் அண்ணன் அந்தோணி பெரியப்பாவுக்கு வேறு ஆசை. அவருக்குக் குறிஞ்சிப்பாடியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. சேத்தியாத்தோப்பில் புதுசாக ஒரு கிளை திறந்து, அதன் கல்லாவில் மாமாவை உட்கார வைக்க வேண்டும், ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டும். "அடுத்தவன் கல்யாணத்துல கேமராவத் தூக்கிகினு நிக்கிறது ஒரு பொழப்பா?" என்பார். ஸ்டூடியோ போனால் மாமா பாதி ஆள். அது அத்தைக்கும் தெரியும். அண்ணன் பேச்சைத் தட்டவும் முடியாது. அதனால் அத்தையே நடுவில் புகுந்து ஒரு ஒப்பந்தம் செய்து வைத்தார். பெரியப்பா அதைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அறிவித்தார்.

"படத்த எடு மாப்ள, லோக்கல் கேபிள்ல போடு. ஒரே ஒருத்தன் பயந்தாலும் கேமரா உன்னுது. சிரிச்சானுங்கன்னா மறுநாளே கடை சாவி உன் கையில."

இருட்டுக்கு மவுசு போச்சு

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. கல்யாணத்தை நம்பிப் பிழைக்கும் அத்தனை பேரும் சும்மா இருக்கும் மாதம். ஸ்டூடியோவில் மாநாடு கூடியது: மாமா, லால்பேட்டையிலிருந்து வரும் எடிட்டர் ரஃபீக் அண்ணன், லைட் பிடிக்கும் கோவிந்தன் அண்ணன், அப்புறம் நான். மாமா பழைய படத்தில் இருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கும்மிருட்டு, மெழுகுவத்தி, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஒருத்தர்கூட அசையவில்லை. ரஃபீக் அண்ணன் இருட்டிலேயே டீயை ஊற்றி இருட்டிலேயே நாலு பேருக்கும் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் தவறாமல் இருட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஊரில் இருட்டைக் காட்டி யாரைப் பயமுறுத்துவது? படம் முழுக்கப் பட்டப்பகல் என்று முடிவானது. ரங்கூன் புருஷன் துபாய்க்கு மாறினார். மாடியிலிருந்து கேட்ட குரல்கள், செத்துப்போன மாமியாரின் குரல் உள்பட, செல்போனிலிருந்து கேட்கும். கடைசியில் போனைப் பிரித்தால் உள்ளே சிம்மே இருக்காது. "மாடியே இல்லாம 'மாடியில் மரகதம்'னு எப்படி மாமா பேரு வைக்கிறது?" என்று கேட்டேன். "டைட்டில்ல மாடி இருக்குது, போதும்" என்றுவிட்டார். கரண்ட் வந்தது. கோவிந்தன் அண்ணன் மட்டும் இன்னும் யோசனையில் இருந்தார்.

"கரண்டு போறதுல என்னா பயம் தம்பி? எப்ப வரும்னு சொல்லாம போறான் பாரு, அதான் பயம்."

பேயை விடப் பெரிய ஆள்

கதாநாயகி சுமதி அக்கா. மாமா வீடியோ எடுக்கும் கல்யாணங்களில் மணப்பெண் அலங்காரம் அவர்தான். ஆள் லட்சணம், வாய் அதற்கு மேல், ஆனால் பயம் மட்டும் முகத்தில் வரவே வராது. போனைக் காதில் வைத்து மாமியார் குரலைக் கேட்டதும் முகம் வெளிற வேண்டும். சுமதி அக்கா முகத்தில் கேஸ் சிலிண்டர் புக் ஆகிவிட்ட நிம்மதிதான் தெரிந்தது. மாமா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். திடுக்கிடட்டும் என்று கோவிந்தன் அண்ணனை விட்டுப் பின்னால் ஒரு தாம்பாளத்தை உருட்டச் சொன்னார். அக்கா திரும்பி, "எடுத்து வைண்ணே, நெளிஞ்சிடும்" என்றார்.

சரி, இது நம்ம கேஸ் என்று நான் பக்கத்து அறைக்குப் போனேன். கேமராவை ஓடவிடும்படி மாமாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, சுமதி அக்காவின் கையிலிருந்த போனுக்கே புது நம்பரிலிருந்து அடித்தேன். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் அக்கா அலங்காரம் செய்த பெண்ணின் அம்மாவை மண்டபத்தில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எனக்கு அது போதும். "யம்மா சுமதி, என்னா க்ரீம பூசி வுட்ட? பொண்ணு மூஞ்சி வீங்கனது இன்னும் வடியல. மாப்ள வூட்டு ஆளுங்க அத்தினி பேரும் வேன்ல ஏறிட்டாங்க. நீ இருக்கற எடத்துக்குத்தான் வர்றோம்." அக்காவின் கண் அகன்றது, உதடு காய்ந்தது, கை தானாகச் சுவரைத் தேடியது. மாமா ஒரே டேக்கில் ஓகே செய்தார். உண்மை தெரிந்ததும் அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி என்னைத் துரத்தி, மூச்சு வாங்க நின்று சொன்னதும் உண்மைதான்.

"பேயி வந்தா பவுடர் போட்டு அனுப்பிடுவேன்டி. பொண்ணோட அம்மா வந்தா நான் எங்கடி போவேன்?"

அழுகிற பெண்ணும் குரூப் போட்டோவும்

ஷூட்டிங் நடந்தது பைபாஸ் பக்கம் ஒரு புது வீட்டில். சொந்தக்காரர் மாமாவின் பழைய வாடிக்கையாளர், மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்திருக்கிறோம். மரகதம் கூடத்தில் தனியாக விழுந்து அழும் காட்சி. தனிமை, தனிமை என்று மாமா காலையிலிருந்து எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தார். கோவிந்தன் அண்ணன் லைட்டைப் போட்டார். போட்ட கையோடு, வருஷக்கணக்கான பழக்கத்தில், "பொண்ணு கொஞ்சம் தலைய நிமுத்தும்மா, மாப்ளயக் கூப்புடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை துபாயில் இருந்ததால் வரவில்லை. வீட்டுக்காரர் குடும்பம் வந்துவிட்டது. லைட் எரிந்தால் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், அம்மா முந்தானையைச் சரி செய்தார், குழந்தைகளை முன்னால் உட்கார வைத்தார்கள். தரையில் புரண்டு அழும் சுமதி அக்காவுக்குப் பின்னால் ஒரு முழுக் குடும்பம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு தனியா அழணும் சார்" என்றார். வீட்டுக்காரருக்கு மனசே வரவில்லை.

"அது பாட்டுக்கு அழுவட்டும் தம்பி, நாங்க பின்னால சும்மா நிக்கிறோம். தனியா கெடந்து அழுதா, பாக்கறவங்க எங்க வூட்டப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

துபாய்க்காரன் எடுக்கவில்லை

மரகதம் புருஷனுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே கடற்கரையில் நடக்கும் காட்சிக்காகக் கடலூர் போனோம். இயற்கையாக இருக்கட்டும் என்று மாமா கேமராவோடு ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சுமதி அக்கா அந்த வெயிலில் மணலில் தடுமாறி நடந்து, "எடுங்க, ப்ளீஸ் எடுங்க, உங்க அம்மா பேசறாங்க, செத்தவங்க பேசறாங்க" என்று நிஜமாகவே நன்றாக அழுதார். அப்போது தலையில் மீன் கூடையோடு ஒரு அம்மா ஃபிரேமுக்குள் வந்து நின்றார். மாமா நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். அந்த அம்மா மாமாவைப் பார்க்கவே இல்லை.

"எத்தினி நாளா எடுக்கல?" என்றார். சுமதி அக்கா பாத்திரத்தை விட்டு இறங்காமல், "செத்துப்போன மாமியா போன்ல பேசுதும்மா" என்றார். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். பேய், பிசாசு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் செத்தும் பேசுவதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. அவர் கவலையெல்லாம் புருஷன்மேல். அந்தக் காட்சியை மாமா படத்தில் அப்படியே வைத்துக்கொண்டார். சுமதி அக்கா ஊர் திரும்பும்போது கையில் மீன் பை இருந்தது, ஏனென்றால் அந்த அம்மா கிளம்பும் முன் சொன்னது இது.

"எடுக்காதவனுக்கு எதுக்குடி இத்தினி தடவ போன் போடற? அந்தக் காசுக்கு சங்கரா மீனு வாங்கித் தின்னு, ஒடம்புக்காவது ஆவும்."

ஆவணி பிறந்தது, ஆட்கள் மறைந்தார்கள்

இப்போது சொல்லப்போகும் தப்பைக் கல்யாணத் தொழில்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். குரல் கொடுக்க மாமா ஏற்பாடு செய்திருந்த ஆட்களைப் பாருங்கள். மாமனாருக்குச் சமையல் மாஸ்டர், டாக்டருக்கு மண்டப மேனேஜர், மாமியாருக்குக் கச்சேரியில் பாடும் ஒரு அம்மா, மரகதத்துக்குச் சுமதி அக்காவே. ஆடியில் இத்தனை பேரும் ஸ்டூடியோ வாசலில் வெட்டியாக உட்கார்ந்து டீ குடித்தவர்கள். ஆடி முடிந்தால் ஆவணி வரும், ஆவணி வந்தால் முகூர்த்தம் வரும் என்பது ஒருத்தர் ஞாபகத்திலும் இல்லை. டப்பிங் தொடங்கிய அன்று ஒரு ஆள்கூட ஊரில் இல்லை. மாமாவே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடிவிட்டார். கேபிள்காரர் தேதி கொடுத்துவிட்டார், அது நெருங்கிக்கொண்டிருந்தது.

"கவலப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றேன். ஜமுக்காளம் தொங்கவிட்ட அறை, மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்று அதுவும் இல்லை, உள்ளே நானும் வியர்வையும். விடைத்தாள் கொடுக்கும் கணக்கு டீச்சர் மாமியார் ஆனார். ரேஷன் கடை வரிசையில் தினம் நிற்கும் ஒரு தாத்தாவின் இருமலை மாமனாருக்குக் கொடுத்தேன். "உள்ள போ, உள்ள போ" என்கிற கண்டக்டர் டாக்டர் ஆனார். எதிர்வீட்டுக் கைக்குழந்தை குழந்தையாகவே இருந்தது. மரகதத்துக்குச் சுமதி அக்கா குரல். ஒருத்தியே ஐந்து பேர்! காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளக் காலர் இல்லை, சுடிதார்.

சாயங்காலம் மாமா வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பக்கத்தில் ரஃபீக் அண்ணன், "தனித்தனியா கேட்டா சூப்பரா இருக்குதுண்ணே. சேர்த்துக் கேட்டா எல்லாத்துக்கும் அடியில ஜெனியே இருக்குறா" என்றார். மூஞ்சியில் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மண்டப மேனேஜர் குரலில் சண்டை போட்டேன், கண்டக்டர் குரலில் சண்டை போட்டேன். மாமா சிரிக்கவில்லை. மறுபடி குரல் கொடுக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"காலையில சேத்தியாத்தோப்புக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு ஜெனி?"

பூ வுழுது

ரஃபீக் அண்ணனைப் பற்றி இதையும் சொல்லாவிட்டால் பாவம். மரகதம் போனைப் பிரித்துப் பார்த்து, சிம் இல்லை என்று தெரிந்துகொண்டு, நிமிர்ந்து வாயைத் திறக்கும் உச்சக்கட்டக் காட்சி. மாமா போட்டுப் பார்த்தபோது மரகதத்தின் தலைக்கு மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. இரண்டு பக்கமும் அன்னப்பறவைகள் நீந்தின. காட்சி முடிந்ததும் திரை ஒரு இதயமாகச் சுருங்கி மறைந்தது. மாமா அண்ணனைப் பார்த்தார், அவ்வளவுதான். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்தார், அன்னப்பறவையை எடுக்கும்போது முகம் வாடியது. கடைசி வரை அவருக்கு நியாயம் புரியவில்லை.

"பேயா இருந்தா என்னாண்ணே, அவுங்களுக்கும் நாலு பூ வுழுந்தா ஸ்க்ரீன் நெறைவா இருக்கும்ல?"

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்

முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு. பூசை முடிந்து, கறிக்குழம்பு முடிந்து, மாமா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சோபாவில் அந்தோணி பெரியப்பா. சேத்தியாத்தோப்புக் கடைச் சாவியைக் கையோடு கொண்டுவந்து டீப்பாய்மேல் வைத்திருந்தார், பக்கத்தில் அவர் செல்போன். தரையில் நான், அத்தை, சுமதி அக்கா. மாமா உட்காரவில்லை, சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றார். படம் ஓடியது. அதன் அடியில் கேபிள்காரரின் எழுத்தும் ஓடியது. மரகதம் முதல் தடவை போனில் செத்த மாமியாரின் குரலைக் கேட்டு நடுங்கும்போது, கீழே 'வெள்ளாடு காணவில்லை, கழுத்தில் மணி இருக்கும்' என்று போனது. பெரியப்பா சோபாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மீன்கார அம்மா வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமா தரையைப் பார்த்தார்.

பாதிப் படத்துக்குமேல் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி ஜெனி, மாமியா கொரலும் டாக்டர் கொரலும் ஒரே தொண்டையா இருக்குதே! இந்தப் பொண்ணு கொரலும் அதேதான். ஆளு கெடைக்கலயா?" ரஃபீக் அண்ணன் கண்டுபிடித்ததை இவரும் கண்டுபிடித்துவிட்டார். நான் நகர்ந்து அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை எழுந்துபோய் மாமா பக்கத்தில் நின்றுகொண்டார். டிவியில் மரகதம், நல்ல வெயில் அடிக்கும் கூடத்தில், போனின் பின்மூடியைக் கழற்றினாள். சிம் இருக்க வேண்டிய இடம் காலி. பூ விழவில்லை. மரகதம் நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மாமியார் திட்டினார், மாமனார் இருமினார், டாக்டர் பேசினார், குழந்தை அழுதது, எல்லாம் அந்த ஒரே வாயிலிருந்து, அந்த ஒரே தொண்டையிலிருந்து. ஒரே தொண்டை என்று அத்தனை பேருக்கும் முன்னாலேயே கண்டுபிடித்துச் சொன்னவர் பெரியப்பாதான். அவர் வாயில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. தரையில் இருந்த இரண்டு கால்களையும் மெதுவாகத் தூக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டார்.

அப்போது டீப்பாய்மேல் இருந்த அவர் போன் அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், சத்தியமாக நான் இல்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. 'கடை' என்று பேர் தெளிவாக மின்னியது. பெரியப்பா கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். அத்தை மாமாவைப் பார்த்தார், மாமா அத்தையைப் பார்த்தார், இரண்டு பேரும் சாவியைப் பார்த்தார்கள். பெரியப்பா அந்தச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு, போனை ஒரு விரலால் மாமா பக்கம் தள்ளினார்.

"மாப்ள, இத நீ எடு. யாருன்னு நல்லா கேட்டுட்டு அப்புறமா எங்கிட்ட குடு."

ஆள் பற்றாக்குறையில் எடுத்த படத்தை ஊரே இப்போது 'என்னா டைரக்‌ஷன்!' என்கிறது, நாங்களும் மரியாதைக்கு மறுத்துப் பேசுவதில்லை.